கன்னத்திலிருந்து அளக்க வேண்டிய உயரம்

ரைஃபிளில் ஸ்கோப் பொருத்துவதைப் பற்றி வேட்டைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு: குழலில் முட்டாத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்து. மரக்கட்டை போட்ட பழைய ரைஃபிள்களில் இந்த விதி பெரும்பாலும் நல்ல பலனே தந்திருக்கிறது. ஆனால் அதற்காகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி நிற்காது.

ஸ்கோப் உயர்ந்தால் குறி கெடும் என்பது முதல் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்வைக் கோடு குழலுக்கு மேலே ஓடுகிறது. தோட்டா கீழிருந்து கிளம்பி அந்தக் கோட்டைச் சந்திக்க வேண்டும். 100 மீட்டரில் இரண்டும் சந்திக்கும்படி ஸீரோ செய்த ரைஃபிளில் ஸ்கோப்பை 10 மி.மீ. உயர்த்தி, மறுபடி 100 மீட்டருக்கே ஸீரோ செய்தால், 50 மீட்டரில் தோட்டா முன்பைவிட 5 மி.மீ. கீழே படும். 200 மீட்டரில் 10 மி.மீ., 300 மீட்டரில் 20 மி.மீ. மேலே படும். நல்ல ரைஃபிளின் தோட்டாக்களே 300 மீட்டரில் இதைவிட அகலமாகச் சிதறும். காற்றுத் துப்பாக்கியில்தான் கதை வேறு. 25 மீட்டருக்கு ஸீரோ செய்ததில் ஸ்கோப்பை 20 மி.மீ. ஏற்றினால், 10 மீட்டரில் 12 மி.மீ. கீழிறங்கும். 4.5 மி.மீ. குண்டுக்கு அது பெரிய விலகல்.

துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்தால் உயரமான ஸ்கோப் அதிகம் தண்டிக்கும் என்ற பேச்சும் நிற்காது. சாய்வினால் வரும் பிழைக்கு மூலம் தோட்டாவின் வீழ்ச்சி. ஸீரோ செய்த தூரத்தில் ஸ்கோப்பின் உயரத்துக்கு அதில் பங்கே இல்லை.

அப்படியானால் தாழ்வான ஸ்கோப் ஏன் கைகொடுத்தது? கட்டையால்தான். பழைய ரைஃபிள்களின் பின்கட்டை, குழலை ஒட்டியிருக்கும் இரும்புக் குறிகளுக்காகச் செதுக்கப்பட்டது. கன்னம் அதில் அழுந்தினால் கண் அந்த உயரத்தில்தான் நிற்கும். ஸ்கோப் மேலே போனால் கன்னம் கட்டையை விட்டு எழும்பும்; தாடையை முட்டுக்கொடுத்துச் சுட நேரும்; கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கும். அப்போது காட்சியின் ஓரம் கறுக்கும். கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தோன்றும் பேரலாக்ஸ் பிழையும் புகும்.

இரண்டாம் உலகப் போரின் ஸ்னைப்பர் ரைஃபிள்களில் இதைக் கண்ணாரக் காணலாம். பிரிட்டனின் நம்பர் 4 (டி) ரைஃபிளில் ஸ்கோப் உயர்ந்ததும் கட்டையில் மரக் கன்னத்தாங்கி ஒன்றைத் திருகி வைத்தார்கள். அமெரிக்காவின் எம்1சி ரைஃபிளில் எட்டுத் தோட்டா கிளிப் மேலிருந்து இறங்க வேண்டியிருந்ததால் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி, கட்டையில் தோல் மெத்தை கட்டினார்கள். சோவியத் மோசின் ரைஃபிளில் பி.யூ. ஸ்கோப்புக்காக போல்ட் கைப்பிடியை நீட்டி வளைத்தார்கள். கன்னத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. எதிரியைக் கண்காணித்து மணிக்கணக்கில் கிடந்தவனின் கழுத்தைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. ஸ்கோப்பின் முன்வாய் குழலைத் தொட்டால் குழலின் அதிர்வு மாறும், குறியும் மாறும். போல்ட் கைப்பிடி கண்வில்லைப் பக்கம் இடிக்கலாம். பழைய மவுசரின் மேலெழும் சேஃப்டி இறக்கைக்கு வழி கிடைக்காது. அந்தி மங்கலில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் ஜெர்மானிய வேட்டைக்காரர் விரும்பும் 8x56 ஸ்கோப்பின் முன்வில்லையே 56 மி.மீ.; அது உயரத்தைக் கட்டாயமாக்குகிறது. வெளிச்சத்துக்காக அவர் கொடுக்கும் விலை அது. நியாயமான விலைதான், கட்டை ஒத்துழைத்தால்.

ஏஆர்-15 வகை ரைஃபிள்கள் வந்தபின் பழைய விதி அர்த்தமிழந்தது. அவற்றின் கட்டை குழலின் நேர்கோட்டிலேயே செல்வதால் இரும்புக் குறியே குழல்மையத்துக்குச் சுமார் 66 மி.மீ. மேலே நிற்கிறது. அங்கே ஸ்கோப்பைத் தாழ்த்தினால் சுடுபவர் கழுத்தை முன்னே நீட்டிக் குனிய வேண்டும். நின்று சுடுபவர்களும் இரவுப்பார்வைக் கருவி மாட்டியவர்களும் இன்னும் உயரமான மவுண்டுகளை நாடுவதை வெறும் மோகம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் தரையில் படுத்துச் சுடும்போது அதே உயரம் கழுத்தைப் பின்னால் ஒடிக்கும்.

உயரத்தின் உண்மையான ஆபத்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாறை விளிம்பிலோ காரின் பானெட்டிலோ ரைஃபிளைச் சாய்த்துச் சுடுபவருக்கு ஸ்கோப்பில் பாதை தெளிவாகத் தெரியும். ஏழு சென்டிமீட்டர் கீழே குழல்வாய்க்கு எதிரே பாறை இருக்கும். கையருகே தோட்டா பாறையில் தெறிப்பது சின்ன விஷயமல்ல. 10 மீட்டருக்குள் சுடும் காவல்படையினர் இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே பழகுகிறார்கள்.

ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் ரிங்குகளை 'லோ', 'மீடியம்', 'ஹை' என்று விற்பதும் உதவாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஹை. கண்ணை மூடிக்கொண்டு, சுடப்போகும் நிலையிலேயே ரைஃபிளைத் தோளில் அணைத்து, கன்னத்தை இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறப்பது பழைய சோதனை. வட்டம் முழுதாகத் தெரிந்தால் உயரம் சரி. கீழ்விளிம்பு கறுத்தாலோ தலை தானாக எழும்பினாலோ ரிங்கை மாற்ற வேண்டும், அல்லது கன்னத்தாங்கியை ஏற்ற வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் மலிவு.