கதைசொல்லி வெளியேறிய மேடை

ஐரோப்பிய ஓபரா தனக்கான கதையை நாவலில் தேடுவது 19ஆம் நூற்றாண்டில்தான் பெருவழக்கானது. அதற்கு முன் அது கிரேக்க, ரோமானியப் புராணங்களையும் பழைய வரலாற்றையும் மேடை நாடகங்களையுமே பெரிதும் நம்பியிருந்தது. நாடகத்தை ஓபராவாக்குவது எளிது. அங்கே பாத்திரங்கள் முன்பே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாவலில் அவர்களைப் பற்றி வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். மேடையில் அந்த வேறொருவருக்கு இடமில்லை. ஒரு வரியைப் படிப்பதைவிடப் பாடுவதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், 'லிப்ரெட்டோ' எனப்படும் பாடல் ஏட்டை எழுதுபவர் கிளைக்கதைகளையும் துணைப்பாத்திரங்களையும் கழித்துவிடுகிறார். நாவலை நேசிப்பவர்களின் முதல் வருத்தம் இந்தக் கழிவைப் பற்றியதே. ஆனால் கதை சுருங்குவதைக் காட்டிலும் பெரிய மாற்றம் கதைசொல்லி வெளியேறுவது. அவர் விட்டுச்சென்ற இடத்தை இசை எப்படி நிரப்புகிறது என்பதைக் கொண்டே இந்த ஓபராக்களை எடைபோட வேண்டும்.

வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'லாமர்மூரின் மணப்பெண்' நாவலில் லூசி ஆஷ்டன் அதிகம் பேசாத பெண். அவளைக் காதலனிடமிருந்து பிரித்து வேறொருவனுக்கு மணமுடிப்பவள் தாய் லேடி ஆஷ்டன். மணநாள் இரவில் கணவனைக் குத்திவிட்டுக் கணப்படுப்பின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் லூசி, ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். பிறகு பேச்சின்றி இறக்கிறாள். 1835இல் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் அரங்கேறிய தோனிசெத்தியின் 'லூசியா தி லாமர்மூர்' தாயை அறவே நீக்கி, அவள் செய்த கொடுமையை அண்ணன் என்ரிக்கோவின் மேல் ஏற்றியது. இது சிறிய நட்டமல்ல. குடும்பத்தின் அரசியல் கணக்குகளுக்காக ஒரு பெண் தன் மகளையே நசுக்கும் கொடூரம் மறைந்து, வழக்கமான குலப்பகைக் கதை மிஞ்சுகிறது. ஆனால் ஸ்காட் ஒரே வாக்கியத்தில் நிறுத்திய வாயை தோனிசெத்தி ஏறக்குறைய கால் மணி நேரம் பாட வைத்தார். புகழ்பெற்ற அந்தப் பித்துக்காட்சியில் அவள் நடக்காத திருமணத்தைக் காண்கிறாள். அவளுடைய குரலைப் புல்லாங்குழல் நிழல்போலத் தொடர்கிறது. நாவலில் பிறர் கண்டு திகைத்த பெண், ஓபராவில் தான் காணும் உலகத்தைத் தானே பாடுகிறாள்.

நாவலுக்கும் ஓபராவுக்கும் இடையிலான உறவை மற்றொரு நாவலே காட்டியிருக்கிறது. ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி'யில் எம்மா ரூவான் நகரில் 'லூசியா'வைப் பார்க்கப் போகிறாள். இளமையில் படித்த ஸ்காட் நாவல்களின் நினைவு, மேடையில் நடப்பதைப் புரிந்துகொள்ள அவளுக்கு உதவுகிறது. ஓபரா கழித்துவிட்டதைப் பார்வையாளரின் நினைவு நிரப்பிக்கொள்கிறது. நாவலைப் படித்தவர்கள் நிறைந்த அரங்குக்குத்தான் இந்தச் சுருக்கங்கள் எழுதப்பட்டன. நாவல் மறக்கப்பட்ட காலத்தில் 'லூசியா'வின் கதை ஓட்டைகளோடு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெரிமேயின் 'கார்மென்' (1845) குறுநாவலில் கதைசொல்லிகள் இருவர். பழைய போர்க்களம் ஒன்றைத் தேடி ஸ்பெயினின் ஆண்டலூசியாவுக்கு வரும் பிரெஞ்சு அறிஞர் ஒருவர். மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபடி அவரிடம் தன் கதையைச் சொல்லும் டான் ஹோஸே மற்றவர். கார்மென் இந்த இரண்டு ஆண்களின் சொற்களுக்குள் மட்டுமே வாழ்கிறாள். அவளைக் கொன்றவனே அவளுக்குச் சாட்சி. 1875 மார்ச் 3 அன்று பாரிஸின் ஓபரா-கொமிக் அரங்கில் அரங்கேறிய பீஸேயின் ஓபரா இரண்டு சாட்சிகளையும் நீக்கியது. கார்மென் 'ஹபனேரா'வைப் பாடிக்கொண்டு தானே நடந்து வருகிறாள். ஹோஸே அவளைச் சுற்றியுள்ள ஆண்களில் ஒருவனாகிறான். நாவலில் அவளுக்கு இருந்த கணவனும், அவனை ஹோஸே கொல்வதும் விடுபட்டன. பெயரளவில் வந்துபோகும் குதிரைவீரன் லூக்காஸ், காளைச்சண்டை வீரன் எஸ்கமியோவாக வளர்ந்தான். குடும்பங்கள் வந்துபோகும் அந்த அரங்குக்கு ஏற்ற நல்ல பெண்ணாக மிக்கயேலா புதிதாகச் சேர்க்கப்பட்டாள். அவளுடைய பாடல்கள் அழகானவை. ஆனால் அவள் மேடைக்கு வரும்போதெல்லாம் ஒழுக்கப் பாடமும் உடன் வருகிறது. மெரிமேயின் ஈரமற்ற பார்வையில் அதற்கு இடமிருந்ததில்லை. இறுதிக் காட்சியோ மூலத்தை மிஞ்சுகிறது. நாவலில் கொலை ஆளரவமற்ற மலையிடுக்கில் நடக்கிறது. ஓபராவில் அது செவில் நகரின் காளைச்சண்டை அரங்குக்கு வெளியே நடக்க, உள்ளே கூட்டம் வெற்றிக் கோஷம் பாடுகிறது. இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே நொடியில் கேட்கச் செய்வது உரைநடைக்கு இயலாத காரியம். அரங்கேற்றத்துக்குச் சரியாக மூன்று மாதம் கழித்து, 36 வயதில் பீஸே இறந்தார்.

கதைசொல்லியை இழப்பதில் மிகப் பெரிய விலை கொடுத்த ஓபரா சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்'தான். புஷ்கினின் செய்யுள் நாவலில் கதையைவிடக் கதைசொல்லியே பெரியவர். அவர் ஒனேகினின் நண்பர். இடையிடையே கதையை நிறுத்தித் தன் இளமையையும் மதுவையும் கவிதையையும் பேசுவார். நாயகி தத்யானா ஒனேகினுக்கான காதல் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதினாள் என்றும், படிப்பவர்களுக்காகத் தான் அதை மொழிபெயர்த்துத் தருவதாகவும் அவர் சொல்கிறார். ஒனேகினோடு மோதும் துவந்த யுத்தத்துக்கு முந்தைய இரவில் இளங்கவிஞன் லென்ஸ்கி எழுதும் கவிதை தெளிவற்றது, தளர்ந்தது என்றும் அவரே தீர்ப்பளிக்கிறார். 1879இல் மாஸ்கோ இசைக்கல்லூரி மாணவர்கள் அரங்கேற்றிய ஓபராவில் இந்தக் கேலி ஒரு துளிகூட இல்லை. புஷ்கின் புன்னகையோடு எழுதிக் காட்டிய அதே வரிகளை, ஓபரா உலகின் மிக உருக்கமான விடைபெறல்களில் ஒன்றாக லென்ஸ்கி பாடுகிறான். ஒனேகின் இல்லாத வீட்டில் தத்யானா அவன் புத்தகங்களின் ஓரக் குறிப்புகளைப் படித்து, இவன் வெறும் பாவனைதானோ என்று ஐயுறும் பகுதி ஓபராவில் இல்லை. அவள் முதிர்ச்சி பெறுவது அந்த அறையில்தான். அது விடுபட்டதால், மூன்றாம் அங்கத்தில் சீமாட்டியாக வருபவள் எப்படி அவ்வாறு ஆனாள் என்பது விளங்காமலே போகிறது.

இவ்வளவு குறை இருந்தும் இந்த ஓபரா வென்றதற்குக் காரணம், சைக்கோவ்ஸ்கி கதைசொல்லியின் வேலையை வாத்தியக் குழுவிடம் ஒப்படைத்ததே. அவர் இதை ஓபரா என்று சொல்லாமல் 'உணர்ச்சிக் காட்சிகள்' என்றே அழைத்தார். கடிதக் காட்சியில் மொழிபெயர்ப்பாளர் யாரும் குறுக்கே இல்லை. தத்யானா இரவு முழுதும் எழுதி, அடித்து, மீண்டும் எழுதுவதை இசை வரிவரியாகத் தொடர்கிறது. விடியலில் இடையனின் குழல் கேட்கிறது. ஆண்டுகள் கழித்துப் பீட்டர்ஸ்பர்க் நடன விருந்தில் அவளைக் காணும் ஒனேகின் தன் காதலை உணர்கிறான். அப்போது அவன் பாடுவது, கடிதக் காட்சியின் தொடக்கத்தில் அவள் பாடிய அதே மெட்டு. அவள் அன்று நின்ற இடத்தில் இன்று அவன் நிற்கிறான் என்பதை யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாத அதைக் கேட்பவர் அறிந்துகொள்கிறார்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை 13 காட்சிகளில் அடக்க முயன்ற புரோக்கோஃபியேவ், 1941இல் தொடங்கிய வேலையைத் தன் கடைசி ஆண்டுகள்வரை திருத்திக்கொண்டிருந்தார். வரலாற்றைத் தளபதிகள் இயக்குவதில்லை என்று நாவல் வாதிடுகிறது. ஓபராவில் தளபதி குத்தூஸொவுக்கு வீரப் பாடல் கிடைத்தது. தேசப்பற்றுக் காட்சிகளைப் பெருக்கச் சொன்ன சோவியத் அதிகாரிகளின் நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இளவரசர் அந்திரேய் சாகும் காட்சியில், காய்ச்சலில் அவர் காதுக்குள் ஒலிப்பதாக டால்ஸ்டாய் எழுதிய 'பித்தி-பித்தி' என்ற முணுமுணுப்பை மேடைக்குப் பின்னாலிருந்து சேர்ந்திசைக் குழு பாடுகிறது. சாகிறவரின் செவிக்குள் பார்வையாளரும் போய்விடுகிறார்.

யானாசெக் கடைசியாக எழுதிய ஓபராவான 'மரண வீட்டிலிருந்து' வேறு வழியில் சென்றது. சைபீரியச் சிறை பற்றிய தஸ்தயேவ்ஸ்கியின் நூலிலிருந்து லிப்ரெட்டோவை யானாசெக்கே தொகுத்தார். அதில் நாயகன் இல்லை, தொடர்ந்து செல்லும் கதையும் இல்லை. கைதிகள் மாறி மாறித் தங்கள் குற்றங்களைச் சொல்கிறார்கள். வெளியேற்றப்பட்ட கதைசொல்லி பல வாய்களாக மேடைக்குத் திரும்புகிறார். எனினும் ஓபராவின் பழைய ஆசை இங்கும் அடங்கவில்லை. ஷிஷ்கோவ் என்ற கைதி சொல்லும் கதையின் பகைவன், அருகில் கிடந்து இறந்த சக கைதி லூக்காவே என்ற கண்டுபிடிப்பு தஸ்தயேவ்ஸ்கியிடம் இல்லாதது. வாழ்க்கையைவிட மேடைக்கே உரிய தற்செயல் அது. யானாசெக் 1928இல் காலமான பின், 1930இல் பர்னோ நகரில் அரங்கேற்றியவர்கள் நம்பிக்கையூட்டும் சேர்ந்திசை ஒன்றை முடிவாக ஒட்டினர். அவர் எழுதிய முடிவு வேறு. நாவலின் கதைசொல்லி கரியான்சிக்கோவ் விலங்கு நீக்கப்பட்டு வெளியே போகிறார். நாவல் அவரோடு முடிகிறது. ஓபரா அவரோடு போவதில்லை. காவலன் அதட்ட, மீதமிருப்பவர்கள் வேலைக்குத் திரும்பி நடக்கிறார்கள்.