உராய்வைக் காணோம்: பத்தாம் வகுப்பு ‘இயக்க விதிகள்’ பாடத்தைப் படித்துப் பார்த்ததில்

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம், 2019-இல் வந்த பதிப்பு. முதல் பாடமே ‘இயக்க விதிகள்’தான். அரிஸ்டாட்டில், கலிலியோ, நிலைமம், உந்தம், நியூட்டனின் மூன்று விதிகள், திருப்புத்திறன், கணத்தாக்கு, ராக்கெட், ஈர்ப்பு, லிஃப்டில் தோற்ற எடை என்று ஒரே பாடத்துக்குள் எல்லாம் இருக்கிறது. அக்கா மகள் இந்த வருஷம் பத்தாவது என்பதால் பாடம் முழுவதையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். தப்பு கண்டுபிடிக்கும் நோக்கம் எல்லாம் இல்லை. ஆனால் படித்து முடித்தபின் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய பாடத்தில் உராய்வுக்கென்று ஒரு பகுதி கிடையாது.

‘அது எட்டாவதிலேயே வந்துடுச்சே’ என்பீர்கள். வந்தது உண்மை. ‘விசையும் அழுத்தமும்’ என்ற பாடத்தில், அழுத்தத்தோடு சேர்ந்து. ஆனால் உராய்வு உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடம் இந்தப் பத்தாம் வகுப்புப் பாடம்தான். அது இல்லாததால் முதல் விதியும் மூன்றாம் விதியும் அந்தரத்தில் தொங்குகின்றன.

முதல் விதியைப் பாருங்கள். பொருள்களின் இயற்கை நிலை ஓய்வு, அவற்றை நகர்த்த விசை வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நினைத்ததாகப் பாடம் சொல்கிறது. அடுத்ததாக, ஓய்வும் இயற்கை நிலைதான், சீரான இயக்கமும் இயற்கை நிலைதான் என்ற கலிலியோவின் கருத்துகளை வரிசையாகக் கொடுக்கிறது. அவ்வளவுதான், உடனே நிலைமத்துக்குப் போய்விடுகிறது. அரிஸ்டாட்டில் ஏன் தோற்றார்?

நியாயமாகப் பார்த்தால் ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்தது அரிஸ்டாட்டில் சொன்னதுதான். பீரோவைத் தள்ளுகிறோம், நகர்கிறது. கையை எடுத்தால் நிற்கிறது. தண்ணீர் லாரி வந்ததும் குடத்தை வரிசையில் தள்ளித் தள்ளி நகர்த்தினாலும் இதே கதைதான். பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் ஒரு பக்கம், புத்தகத்தின் ஒரு வரி இன்னொரு பக்கம். பிள்ளை என்ன செய்யும்? புத்தகத்தைப் பரீட்சைக்கு வைத்துக்கொள்ளும், பீரோவை வாழ்க்கைக்கு வைத்துக்கொள்ளும்.

கலிலியோ யாரையும் நம்பச் சொல்லவில்லை. ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு எதிர்ச் சரிவில் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவின் சாய்வைக் குறைத்தால் அதே உயரத்தை எட்ட இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டும். சாய்வே இல்லாமல் சமதளமாகிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் வரவே வராது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1638-இல் அச்சான அவருடைய கடைசிப் புத்தகத்தில் இந்த வாதத்தைப் பார்க்கலாம். என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் இதைப் படத்தோடு சொன்னது. நம் புத்தகத்தில் முடிவு மட்டும் இருக்கிறது, வழி இல்லை.

சரி, சாய்தளம் கூட வேண்டாம். வடசென்னையில் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கும். கேரமுக்காக 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இங்கே ஒரு பொடியனுக்குக்கூட பவுடர் எதற்கென்று தெரியும். பவுடர் இல்லாத போர்டில் ஒரு சுண்டு சுண்டினால் ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே நின்றுவிடும். பவுடர் போட்டு அதே மாதிரி சுண்டினால் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் மூன்றரை முறையாவது போய்வர வேண்டும், அப்போதுதான் போர்டு சரியான போர்டு என்று கேரம் விதிகளே சொல்கின்றன. விரல் விட்ட பிறகு ஸ்ட்ரைக்கரை யாரும் தள்ளவில்லை. அப்படியிருந்தும் பவுடர் போட்டால் ஏன் அதிக தூரம் போகிறது? தள்ளுவது நின்றதால் அது நிற்கவில்லை, பிடித்து இழுப்பது இருப்பதால் நிற்கிறது. அரிஸ்டாட்டில் தோற்கும் இடம் இது.

கணக்காகவும் செய்யலாம். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விட்டுவிடுவோம். சிமென்ட் தரையில் இழுத்த மூட்டை (உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்தால்) 13 செ.மீ. போய் நிற்கும். லாரி டயர் தார் ரோட்டில் (சுமார் 0.008) 6 மீட்டருக்கு மேல் உருளும். இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் (சுமார் 0.002) 25 மீட்டர். காத்திவாக்கம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் மின்சார ரயில் வேகம் பிடித்ததும் மோட்டார் சத்தம் அடங்கி, ரயில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 13 செ.மீ., 6 மீ., 25 மீ. என்ற வரிசையை அப்படியே நீட்டினால் 1977-இல் கிளம்பி, உந்தித்தள்ளும் இன்ஜின் இல்லாமலே இன்றும் வினாடிக்குச் சுமார் 17 கி.மீ. போய்க்கொண்டிருக்கும் வாயேஜர்-1 வரை வந்துவிடலாம். சூரியன் பின்னால் இழுப்பதால் அதன் வேகமும் துளித்துளியாகக் குறைகிறது, அது வேறு விஷயம்.

மூன்றாம் விதிக்கு வருவோம். செயலும் எதிர்ச்செயலும் வெவ்வேறு பொருள்கள் மீது என்று பாடம் சரியாகவே சொல்கிறது. பறவை, நீச்சல், துப்பாக்கி என்று உதாரணங்களும் இருக்கின்றன. ஆனால் இந்த விதியைக் கேட்டதும் எந்தப் பிள்ளைக்கும் எழவேண்டிய கேள்வி பாடத்தில் இல்லை. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். முன் வண்டி டிரெய்லரை முன்னால் இழுக்கிறது. டிரெய்லரும் அதே அளவு விசையோடு முன் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம் என்றால் வண்டி எப்படி நகரும்?

பதிலில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறது: ரோடு. முன் வண்டியின் டயர் ரோட்டைப் பின்னால் தள்ள, ரோடு டயரை முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் உராய்வு. டிரெய்லரின் பின்னிழுப்பைவிட அது அதிகமாக இருந்தால் வண்டி வேகம் எடுக்கும். மழையில் ரோட்டுச் சகதி டயரில் ஏறினால் இன்ஜின் அதே இன்ஜின்தான், சக்கரம் மட்டும் சுற்றும். எட்டாவதில் உராய்வு என்றால் எதிர்ப்பது, தேய்ப்பது என்றே மனசில் பதிந்திருக்கும். வண்டியை முன்னால் தள்ளுவதும் அதுதான் என்பதைப் பத்தாவதாவது சொல்ல வேண்டாமா?

இது மார்க் விவகாரம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துப் பையன்களில் நிறைய பேர் சில வருஷத்தில் இந்த டிரெய்லர்களில்தான் ஏறப்போகிறார்கள். 20 டன் ஸ்டீல் காயில் ஏற்றிய வண்டி வினாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் குறையும்படி பிரேக் போடுகிறது. காயிலும் கூடவே நிற்க வேண்டுமென்றால் அதன் மேல் 80,000 நியூட்டன் விசை பின்னோக்கி வேலை செய்ய வேண்டும். தளத்தின் உராய்வு (0.3 என்றால்) ஏறக்குறைய 59,000 தரும். பாக்கி 21,000 செயினிலிருந்துதான் வர வேண்டும், அதாவது இரண்டு டன் எடையைத் தூக்கும் அளவு. தளத்தில் எண்ணெய் படிந்து குணகம் 0.1 ஆகிவிட்டால் செயின் தாங்க வேண்டியது 60,000. செயின் அறுந்தால் ‘காயில் முன்னாடி பாய்ஞ்சிடுச்சு’ என்பார்கள். காயில் எங்கேயும் பாயவில்லை. அது போய்க்கொண்டிருந்தபடியே போகிறது, கேபின்தான் நின்றுவிட்டது.

நிலைமத்தை ஓய்வு, இயக்கம், திசை என்று மூன்றாகப் பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மூன்றும் ஒன்றுதான். கேள்வித்தாளுக்கு வசதியான பிரிவு, அவ்வளவுதான்.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. லிஃப்ட் ஏறும்போது, இறங்கும்போது, நிற்கும்போது, அறுந்து விழும்போது என்று தோற்ற எடையைப் பிரித்துச் சொன்ன விதம் அருமை. விண்வெளி வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் பலருக்கே தெரியாத விஷயம். (லிஃப்டே ஏறாத பிள்ளைகளுக்கு, திருவிழா ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வயிற்றைப் பிசையுமே, அதைச் சொன்னால் போதும்.) கலைச்சொற்களும் எனக்குப் பிடித்திருக்கின்றன. முடுக்கம் என்பது மாட்டை முடுக்கி ஓட்டுவதில் இருந்து நேராக வந்து நிற்கிறது. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் ஆர்முடுகல், அமர்முடுகல் என்று ஏறுவதையும் இறங்குவதையும் ஒரே வேரில் வைத்திருக்கிறார்கள், அது இன்னும் அழகு.

ஏற்கெனவே கனமான பாடம், இதில் உராய்வுக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். ஈர்ப்பு விதியின் பயன்பாடுகளில் தாவர வேர் பூமியை நோக்கி வளர்வதைச் சேர்த்திருக்கிறார்கள். இயக்க விதிகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதை உயிரியல் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேரம் போர்டு படமும் பவுடர் டப்பாவும் போடலாம்.