ஒரு அளவு பெரிய காலணி
லோவல் ஆலைப்பெண்களின் பத்திரிகையை வாசித்தல்

சின்ன ஊருக்கு ஆலை வந்தால் கூடவே ஒரு புகைப்படமும் வரும். சீருடை போட்ட பெண்கள் வரிசையாக நிற்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், பின்னால் புது இயந்திரம் பளபளக்கும். இத்தனை பேருக்கு வேலை, அதில் இத்தனை பேர் பெண்கள் என்று கீழே எழுதியிருக்கும். ஊர் வளர்ந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிரிப்புதான் அத்தாட்சி. இந்தப் படத்தைப் புகைப்படக் கருவி இல்லாமல், சொற்களாலேயே எடுத்த ஊர் ஒன்று உண்டு. அதுவும் அந்தப் பெண்களின் கையாலேயே எடுக்க வைத்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றில் பாவ்டக்கெட் அருவியை ஒட்டி ஒரு சிறு விவசாயக் கிராமம் இருந்தது. பாஸ்டன் நகரத்து முதலாளிகள் சிலர் அங்கே நிலம் வாங்கி, அருவி நீரைக் கால்வாய்களில் திருப்பி, 1823இல் முதல் துணியை நெய்தார்கள். 1826இல் அது லோவல் என்ற பெயரோடு ஊரானது, 1836இல் நகரமானது. 1840இல் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டியிருந்தது. இன்றைய தொழில் மாநாட்டு மேடைகளில் ‘வளர்ச்சி’ என்று சொல்லப்படுவதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. கிராமத்திலேயே போதுமான ஆட்கள் இல்லாததால் சுற்று மாநிலங்களின் பண்ணைக் குடும்பங்களிலிருந்து இளம்பெண்களை வேலைக்கு அழைத்துவந்தார்கள். பெரும்பாலோர் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள். அப்பன்மார்கள் தயங்கினார்கள். இங்கிலாந்தின் ஆலை நகரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த யார்தான் தயங்கமாட்டார்கள்? அந்தத் தயக்கத்தைப் போக்க நிர்வாகம் கட்டியதுதான் விடுதி. விடுதிக்கு ஓர் அம்மையார் பொறுப்பு. இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போயே ஆகவேண்டும். ஓராண்டு வேலை செய்யாமல் நின்றாலோ, நன்னடத்தைச் சான்று இல்லாமல் வெளியேறினாலோ வேறெந்த ஆலையும் சேர்த்துக்கொள்ளாது.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், அவங்க வீட்டுக்கு எழுதின லெட்டரை யார் படிச்சிட்டு போஸ்ட் பண்ணுவாங்க?” வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அக்கா ஒரு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்தவள். சுமங்கலித் திட்டம் என்று மங்கலகரமாகப் பெயர் வைத்து, மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று சொல்லி, நடுவில் நின்றால் அதுவும் இல்லை என்று ஆக்கிய ஏற்பாடு அது. திண்டுக்கல், ஈரோடு, கோவை வட்டார வாசகிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. லோவல் பெண்களின் கடிதத்தை யாரும் பிரித்துப் படித்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை என்று அவளுக்குச் சொன்னேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் ‘லோவல் ஆஃபரிங்’ பத்திரிகையை மறுபடி எடுத்துப் படித்தேன்.

1840 அக்டோபரில் தொடங்கிய பத்திரிகை அது. தேவாலயத்தை ஒட்டி நடந்த வாசிப்பு வட்டத்தில் பெண்கள் எழுதிவந்தவற்றைப் பாதிரியார் ஒருவர் தொகுத்து வெளியிட்டார். பிறகு ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்டிஸ் என்ற இரு பெண்கள், இருவருமே ஆலையில் வேலை பார்த்தவர்கள், ஆசிரியர்களானார்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஆலைப்பெண்கள். பலர் புனைபெயரிலோ முதலெழுத்துகளிலோ எழுதினார்கள். 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் ஊருக்கு வந்தார். விடுதிகளில் பியானோ இருக்கிறது, பெண்கள் நூலகத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள், சொந்தமாகப் பத்திரிகை நடத்துகிறார்கள் என்று வியந்து தன் பயண நூலில் எழுதினார். 1844இல் லண்டனில் அந்தப் பத்திரிகையிலிருந்து ஒரு தொகுப்பு நூலே வந்தது. நெசவாலைப் பெண் எழுதுகிறாள் என்பது உலகச் செய்தியாகிவிட்டது. என்ன எழுதினாள் என்பதை அந்த வியப்பில் பலரும் கவனிக்கவில்லை.

முதல் தொகுதியில் வந்த ‘சூசன் மில்லர்’ கதையை எடுத்துக்கொள்வோம். குடிகார அப்பா செத்துப்போகிறார். கடன் மிஞ்சுகிறது. மூத்த மகள் லோவலுக்குப் போய், உழைத்து, கடனை அடைக்கிறாள். காதல் கைகூடவில்லை. தியாகம் கைகூடுகிறது. நம்மூர்க் குடும்பப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய மூத்த அக்காவேதான் இவள். தறியும் ஆங்கிலப் பெயரும் மட்டும் வேறு. இந்தக் கதை பொய் என்று சொல்லவரவில்லை, அப்படிப்பட்ட பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் இது அச்சில் ஏறுவதற்கு வசதியான கதை. ஒரு பெண் சம்பளத்துக்கு வெளியே போவதை ஊர் மன்னிக்கவேண்டுமானால் அவள் வேறு யாருக்காகவோ போகவேண்டும்.

இதன் பக்கத்தில் அச்சுக்காக எழுதப்படாத ஒரு கடிதத்தை வைத்துப் பாருங்கள். 1845இல் மேரி பால் என்ற பதினைந்து வயதுப் பெண் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து அப்பாவுக்கு எழுதுகிறாள். லோவலுக்குப் போக அனுமதி வேண்டும் என்கிறாள். காரணம்? உடுத்த நல்ல துணிமணி வேண்டும், இங்கே சம்பாதிப்பது அதற்குப் போதவில்லை. அவ்வளவுதான். கடனும் இல்லை, தம்பியின் படிப்பும் இல்லை. வரலாற்றாசிரியர் தாமஸ் டப்ளின் இப்படிப்பட்ட கடிதங்களையும் ஆலைப் பதிவேடுகளையும் ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூலில், இந்தப் பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தைத் தாங்குவதற்காக வரவில்லை, தமக்கென்று சம்பாதிக்கவே வந்தார்கள் என்று காட்டுகிறார். தனக்கென்று ஒரு சட்டை வாங்க ஆசைப்பட்ட மேரி பால் அந்தப் பத்திரிகையின் கதாநாயகியாகியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதே பத்திரிகையில் ‘அதிருப்தி மனப்பான்மை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் உரையாடல் 1841இல் வந்தது. எல்லன் என்ற பெண் வெடிக்கிறாள். விடியுமுன் மணி அடித்து எழுப்புகிறார்கள், மணி அடித்து உள்ளே அனுப்புகிறார்கள், மணி அடித்து வெளியே விடுகிறார்கள், நான் மனுஷியா இயந்திரமா என்கிறாள். (நம் ஊர் மில் சங்கை நினைத்துக்கொள்ளலாம்.) தோழி பொறுமையாகப் பதில் சொல்கிறாள். இங்கே தேவாலயம் உண்டு, சொற்பொழிவு உண்டு, சம்பளம் உண்டு, வீட்டுக்குப் போனால் இதெல்லாம் ஏது? முடிவில் எல்லன் சமாதானமாகித் தங்கிவிடுகிறாள். குறை சொல்ல இடம் தருகிறார்கள், ஆனால் அந்தக் குறை கட்டுரை முடிவதற்குள் தீர்ந்துவிடவேண்டும். குறையைத் தீர்க்கிறவளும் இன்னொரு தொழிலாளிப் பெண்ணாக இருக்கவேண்டும். நிர்வாகம் எங்கும் தலைகாட்டுவதில்லை. வேலையிடத்தில் “பொண்ணுங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க” என்று நம்மிடம் சொல்லும் மேலாளர்களின் சாமர்த்தியம் இதுதான்.

1845 கோடையில் சாரா பாக்லி இதைப் பொதுமேடையில் போட்டு உடைத்தார். பாக்லியும் நெசவாலைத் தொழிலாளி, ஆரம்பத்தில் அதே பத்திரிகையில் எழுதியவர், அப்போது லோவல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவர். நான் எழுதிய கண்டனங்களை அந்தப் பத்திரிகை போட மறுத்தது, அது முதலாளிகளின் ஊதுகுழல் என்றார். ஃபார்லி கடுமையாக மறுத்தார். கூலியும் வேலைநேரமும் எங்கள் பத்திரிகையின் வேலை இல்லை, எங்கள் பெண்களுக்கும் அறிவு உண்டு என்று நிரூபிப்பதே வேலை என்பதுதான் அவருடைய நிலைப்பாட்டின் சாரம். அந்த ஆண்டின் இறுதியில் பத்திரிகை நின்றுபோனது.

பெண்ணிய வரலாறுகள் பெரும்பாலும் பாக்லி பக்கம் நின்று ஃபார்லியை ஒதுக்கிவிடுகின்றன. அரசியலில் நானும் பாக்லி பக்கம்தான். பகலில் சம்பளத்தை வெட்டுகிறவனிடம், இரவில் கவிதை எழுதிக் காட்டி என்ன நிரூபிக்கப்போகிறோம்? ஆனாலும் ஃபார்லியை அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ‘மில்லுக்குப் போனவள்’ என்ற சொல்லில் நம் கிராமங்கள் ஏற்றி வைத்திருக்கும் இழிவை அறிந்தவர்களுக்கு, நானும் யோசிப்பவள் என்று அச்சில் காட்டவேண்டிய அவசரம் புரியும். தவிர, பத்திரிகை தன் ஆசிரியரின் கொள்கைக்கு முழுக்க அடங்கவுமில்லை. 1844இல் ஃபார்லியே ‘சூசனின் கடிதங்கள்’ என்று ஒரு தொடர் எழுதினார். புதிதாக வந்த பெண் ஊருக்கு எழுதும் கடிதங்களாக அமைந்தது. இனிமையான நடை, புகார் இல்லை. நடுவே போகிறபோக்கில் சொல்கிறாள்: வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் காதுக்குள் இரைச்சல் நிற்பதில்லை. நின்றே வேலை செய்வதால் பாதம் வீங்குகிறது. ஓரிரு வருஷம் ஆனவர்கள் ஓர் அளவோ இரண்டளவோ பெரிய காலணி வாங்குகிறார்கள். தறியை நிறுத்தி ஓட்டும் வலக்கை இடக்கையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஊர் வளர்ந்த கதையில் யாருடைய உடம்பு எந்த வடிவத்துக்கு மாறியது என்பதை முதலாளிகளுக்குப் பிரியமான பத்திரிகையே பதிவுசெய்து வைத்திருக்கிறது. சமாதானம் சொல்ல ஒரு தோழியும் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் இல்லை.

பாக்லியின் சங்கம் பத்து மணிநேர வேலைநாள் கேட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1845 பிப்ரவரியில் ஒரு குழு விசாரித்தது. பெண்களே நேரில் போய்ச் சாட்சி சொன்னார்கள். நூற்றைம்பது பேர் வேலை செய்யும் ஒரே அறையில் முன்னூறுக்கும் மேற்பட்ட விளக்குகள் காலையும் மாலையும் எரிவதை, அந்தக் காற்றை மூச்சிழுப்பதை ஒருத்தி சொன்னாள். குழுத் தலைவர் வில்லியம் ஷூலர். லோவலில் நாளிதழ் நடத்தியவர், ‘லோவல் ஆஃபரிங்’கையும் சிறிது காலம் கையில் வைத்திருந்தவர். குழு ஆலைகளைப் போய்ப் பார்த்து, வளாகத்துப் புல்வெளியையும் மரங்களையும் பூச்செடிகளையும் மெச்சியது. குறைகள் உண்டு, ஆனால் பரிகாரம் சட்டமன்றத்தின் கையில் இல்லை என்று முடித்துக்கொண்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஷூலரைத் தோற்கடிக்கப் பெண்கள் பிரச்சாரம் செய்தார்கள். அவர் தோற்றார். அவர்களில் ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. மாசசூசெட்ஸில் பெண்களுக்கும் சிறாருக்கும் பத்து மணிநேரச் சட்டம் வர 1874 ஆனது.

வேலைவாய்ப்புக் கணக்கில் வராத இன்னொரு பெண்ணும் இந்த ஊரில் உண்டு. ஹாரியட் ஹான்சனின் அம்மா, கணவனை இழந்தவர். ஆலை விடுதி ஒன்றை நடத்தி, மணியடிக்கிற நேரத்துக்கு மூன்று வேளையும் ஒரு கூட்டத்துக்கே சமைத்துப்போட்டு, நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். 1836இல் விடுதிச் செலவில் நிர்வாகம் கைவைக்க, அது சம்பளத்தில் கைவைத்ததாகவே ஆனது. பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினோரு வயது ஹாரியட் தன் அறையிலிருந்தவர்கள் தயங்கியபோது, நீங்கள் வராவிட்டாலும் நான் போவேன் என்று முன்னால் நடந்தாள். அறையே பின்தொடர்ந்தது. அதன்பின் அம்மாவின் விடுதி வேலை பறிபோனது. பெரிய பெண்களை உன்னால் தடுக்க முடியாது, சொந்த மகளை அடக்கியிருக்கலாமே என்றதாம் நிர்வாகம். 1898இல் எழுதிய நினைவுக்குறிப்பில் ஹாரியட் இதைச் சொல்கிறார். இந்தச் சமையலறையைப் பற்றிய கதையைத்தான் பத்திரிகையில் தேடித் தேடிப் பார்க்கத் தோன்றுகிறது. விடுதி அங்கே பியானோவும் நட்பும் நிறைந்த இடமாகத் தெரிகிறது. சோறு தானாக வந்துவிடுகிறது.

பத்திரிகை இன்னும் தூரத்தில் வைத்தவர்களும் உண்டு. கால்வாய்களை வெட்டிய அயர்லாந்துத் தொழிலாளர்கள் விடுதிகளுக்கு வெளியே குடிசைகளில் இருந்தார்கள். பஞ்சு தெற்கு மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. இங்கே நெய்த முரட்டுத் துணி திரும்பவும் அங்கேயே போய் அடிமைகளின் உடையானது. அந்தத் துணிக்கே அவர்களிடையே ‘லோவல்’ என்று பெயர். ஒருத்தி பறித்த பஞ்சை இன்னொருத்தி நெய்து, பறித்தவளுக்கே உடுத்த அனுப்பினாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடிதம்கூடப் போகவில்லை. தறியும் வேகமும் கூடி, பண்ணைப் பெண்கள் விலக விலக, ஆலைகள் அயர்லாந்துக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டன. ஹாமில்டன் ஆலையில் 1836இல் நூற்றுக்கு நான்கு பேர்கூட வெளிநாட்டில் பிறந்தவர்கள் இல்லை. 1860இல் அறுபது பேருக்கும் மேல். நற்பெயருக்கு அத்தாட்சியாகப் பத்திரிகை நடத்தும் பெண்கள் அப்போது நிர்வாகத்துக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் வேடசந்தூர் மாணவி வந்தாள். பாதம் வீங்கிய பத்தியைப் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: “அந்தப் பெரிய செருப்பு கம்பெனி வாங்கிக் கொடுத்ததா, கைக்காசா?”

கைக்காசுதான் என்றேன்.