கர்த்தருடைய பந்தியும் பந்தி வஞ்சனையும்

கல்யாண வீட்டுப் பந்தியில் தமிழர்கள் மன்னிக்காத குற்றம் ஒன்று உண்டு. ஒரு இலைக்குப் பருப்பும் நெய்யும் அள்ளி ஊற்றிவிட்டு, அடுத்த இலையைக் கண்டும் காணாமல் தாண்டிப் போவது. பந்தி வஞ்சனை என்று அதற்குப் பெயர். அழைக்க மறந்துபோனால்கூடச் சொந்தக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உட்காரவைத்து இலையில் வஞ்சித்தால், அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கமாட்டார்கள்.

கிறிஸ்தவ வழிபாட்டின் உயிர்நாடியான சடங்கும் ஒரு பந்திதான். அப்பமும் திராட்சரசமும் பகிரும் அந்த விருந்தைப் பழைய தமிழ் விவிலியம் கர்த்தருடைய போஜனபந்தி என்று சொல்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவருடைய கோபம் முழுக்கப் பந்தி வஞ்சனை மீதுதான். வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இப்படிக் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே இல்லை என்று அவர் கடிந்துகொண்டார். அப்பம் என்னவாக மாறுகிறது என்ற வாதம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது. யாரோடு உட்கார்ந்து உண்கிறாய் என்பதுதான் முதலில் எழுந்த கேள்வி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்தப் பந்தி எப்படி நடந்தது, நடக்கிறது என்பதை அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

ஒவ்வொரு சபையும் இதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு இது பூசை. இன்றைய வழக்கில் திருப்பலி. அதில் அப்பத்தைப் பெறுவதை 'நன்மை வாங்குவது' என்பார்கள். பழைய தலைமுறைக்கு அது சற்பிரசாதம். பிள்ளைகள் முதல்முறை வாங்குவது தமிழ்நாட்டில் புதுநன்மை, யாழ்ப்பாணத்தில் முதல் நன்மை. தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து. லுத்தரன் சபையில் நற்கருணை. பெந்தெகொஸ்தே சபைகளில் இராப்போஜனம். பிரதரன் கூடுகைகளில் அப்பம் பிட்குதல்.

பெயருக்குள்ளேயே நம்பிக்கையும் இருக்கிறது. பலி என்று சொல்லும் கத்தோலிக்கருக்கு, குருவானவர் எழுந்தேற்றத்தில் தூக்கிக் காட்டும் அப்பம் தோற்றத்தில் மட்டுமே அப்பம். உள்ளபடி அது கிறிஸ்துவின் உடல். 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் இதை உறுதிப்படுத்தியது. அதனால்தான் மிஞ்சிய அப்பம் பேழையில் வைத்துப் பூட்டப்படுகிறது. பக்கத்தில் அணையா விளக்கு எரிகிறது. சீர்திருத்தவாதி லுத்தர், அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்துவின் உடலும் மெய்யாகவே இருக்கிறது என்றார். மற்றொரு சீர்திருத்தவாதியான சுவிங்ளிக்கு அது நினைவுகூருதல். 1529இல் மார்பர்க் நகரில் இருவரும் நேருக்கு நேர் பேசியும் இந்த ஒரு புள்ளியில் இணங்கவில்லை. பெந்தெகொஸ்தேயினரும் பிரதரன் கூட்டத்தாரும் நினைவுகூருதல் என்றே கொள்கிறார்கள். ஆனால் நினைவுதானே என்று இலேசாக எடுப்பதில்லை. முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவர் கை நீட்டக்கூடாது. மனஸ்தாபம் உள்ளவர் முதலில் சமாதானமாக வேண்டும்.

பொருள்களிலும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கரிடம் புளிக்காத மெல்லிய வட்ட அப்பமும் மெய்யான திராட்சை மதுவும். கேரளத்துச் சுரியானி ஆர்த்தடாக்ஸ் மரபில் புளித்த அப்பம். பல சீர்திருத்தச் சபைகளில் உலர்திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த சாறு. சில இடங்களில் ஒரே கிண்ணம், சில இடங்களில் விரலளவுக் குவளைகள். கத்தோலிக்கக் கோயிலில் அன்றாடம், பிரதரன் கூடுகையில் ஞாயிறுதோறும், பல சபைகளில் மாதம் ஒரு முறை. முன்பு நன்மை வாங்கும் கத்தோலிக்கர் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். அந்த ஒறுத்தல் 1957இல் மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது.

இவற்றில் பெரும்பாலானவை பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் பொது. கரைகள் பிரிவது பந்தியில் யார், எந்த வரிசையில் என்ற இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் அந்த வஞ்சனைக்குப் பெயர் சாதி. 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி துறவிக்கோலம் பூண்டு மேல்சாதியினரிடையே பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த சேசு சபையார், ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குருமார், தனிக் கோயில் என்று ஏற்பாடு செய்தார்கள். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவர் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவர் வீட்டுக்குள் குருவானவர் நுழைந்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியே ரோமாபுரிவரை போய், 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு முற்றியது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனும் இதிலிருந்து தப்பவில்லை. கோயிலுக்குள் இருக்கைகள் பிரிந்தே இருந்தன. நற்கருணைக்கு மேல்சாதியார் முந்தினார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. கிறிஸ்தவத் தமிழுக்கு அரிய பாடல்களைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே, எல்லாரையும் கலந்து உட்காரவைக்கும் முயற்சியை எதிர்த்து எழுதியிருந்தார். பக்தியில் அவ்வளவு உயரம் போன ஒருவருக்கே பக்கத்து இருக்கை அவ்வளவு தூரமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கத்தோலிக்கத் தரப்பின் கண்கூடான சாட்சி நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம். 1872இல் அங்கே எழுந்த கோயிலுக்கு இரண்டு கைகள்: ஒன்று வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரண்டும் சேரும் முனையில் பீடம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்கமுடியாது. பூசை வைக்கும் குருவானவரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். 1910இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. ஒரே அப்பத்தை உண்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதிருக்கக் கட்டடக்கலையையே கருவியாக்கியதை வேறு என்ன சொல்ல? பந்தி வஞ்சனையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டியிருந்தார்கள்.

இலங்கையின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்தார்கள். உத்தியோகத்துக்கும் உரிமைகளுக்கும் சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. ஆகவே பெயர்கள் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவராகப் பதிவானவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். இராப்போசனத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களோ நூறு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் பந்தியில் இடம் கொடுத்து வரிசையைப் பிரித்தார்கள். ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் ஏட்டில் பெயர் எழுதி, பந்திக்கு அழைக்கவேயில்லை.

தடைசெய்யப்பட்ட பூசையோ இருட்டில் உயிர் பிழைத்தது. கோவாவிலிருந்து 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலையில் ஒளிந்திருந்து, இரவுகளில் வீடுகளுக்குள் பூசை வைத்து நன்மை கொடுத்தார். அந்தச் சனங்களுக்கு நன்மை வாங்குவது என்பது அகப்பட்டால் தண்டனை என்று தெரிந்தே வாயைத் திறப்பது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதனால் இலங்கைப் பந்தியில் சாதி இல்லாமல் போய்விட்டது என்று எண்ணக்கூடாது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனின் பள்ளிகளில், மேல்சாதிப் பிள்ளைகள் தங்கள் சாதியார் சமைத்ததைத்தான் உண்போம் என்று நின்றார்கள். ஆனால் வடக்கன்குளம் போன்ற சுவர் அங்கே தேவைப்படவில்லை. கரையோரக் கத்தோலிக்கம் பெரும்பாலும் கடல்தொழில் செய்வோருடையதாகவும், உள்ளூர்ப் புரட்டஸ்தாந்தம் பெரும்பாலும் வெள்ளாளருடையதாகவும் இருந்தன. ஊரே சாதியாகப் பிரிந்திருந்தபோது கோயிலுக்குள் சுவர் எதற்கு? தமிழ்நாட்டில் கோயிலின் நடுவே நின்ற சுவர், யாழ்ப்பாணத்தில் இரண்டு கோயில்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. கண்ணுக்குத் தெரியும் சுவரை இடிக்கலாம். மற்றதை இடிக்க முதலில் அது இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இரு கரைகளும் இந்த விஷயத்தில் ஒன்றையொன்று பாராமல் இருந்ததில்லை. 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அந்த மதுரை மிஷன் 1847இல் ஒரு துணிவான காரியம் செய்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து அன்பின் விருந்தில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று விதித்தது. பலர் சபையை விட்டு விலகினார்கள். திருவிருந்தின் உண்மையைச் சோற்றுப் பந்தியில் சோதித்துப் பார்த்த அந்த முடிவை, பவுல் கேட்ட கேள்விக்குத் தமிழ் மண்ணில் கிடைத்த நேர்மையான பதிலாகவே நான் மதிக்கிறேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபினர் அன்றே ஒரே பீடத்தில் பங்குபெற்றார்கள். யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் சபையும் இதில் சேர்ந்ததால், வட்டுக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட யாழ்ப்பாண ஆதீனம் இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கம். 1950இல் உருவான திருவிருந்து முறையில் ஒரு அழகான பகுதி உண்டு: குருவானவரிடமிருந்து தொடங்கி, கையோடு கை சேர்த்துச் சமாதானம் வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும். சுரியானி மரபிலிருந்து எடுத்தது அது. பக்கத்தில் இருப்பவரைத் தொடாமல் சமாதானம் நகராது. தீண்டாமை ஊறிய மண்ணில் இதைவிடக் கூரிய மருந்து வேறில்லை. இலங்கையின் மற்றச் சபைகளோ பல்லாண்டு பேசியும் இப்படி ஒரே திருச்சபையாக இணைய முடியவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1920களில் கொழும்பில் பிறந்த சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டில் வேரூன்றி, இன்று 'தி பெந்தெகொஸ்தே மிஷன்' என்ற பெயரில் சென்னை இரும்புலியூரிலிருந்து இயங்குகிறது. வெள்ளுடையும் விசுவாச வீடுகளும் கண்டிப்பான இராப்போஜன ஒழுங்கும் இலங்கையில் உருவானவைதாம்.

பிற்காலத்தில் இந்தியத் திருப்பலி மண்ணின் கோலத்தை ஏற்றது. 1969இல் ரோமாபுரி அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களால் செருப்பைக் கழற்றுவதும் தரையில் அமர்வதும் ஆரத்தியும் முறையான வழிபாட்டுக்குள் வந்தன. ஆனாலும் கோலம் மாறினால் வஞ்சனை தானாக நீங்கிவிடாது. இந்திய கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் தலித் மக்களுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று மறுபடி சொல்லவேண்டியிருந்தது.

இலங்கையில் பந்தியைப் பிரித்த கத்தி மொழியும் போரும். சிங்களப் பூசை ஒரு நேரம், தமிழ்ப் பூசை ஒரு நேரம் என்று ஒரே பீடம் நேரத்தால் பிரிந்தது. இரு மொழியினரும் சேர்ந்து மண்டியிடும் மடு மாதா திருத்தலத்தைச் சுற்றியும் ஷெல் விழுந்தது. சிங்களக் குருவான மைக்கல் ரொட்ரிகோ புத்தல என்ற இடத்தில் ஏழைப் பௌத்த விவசாயிகளோடு வாழ்ந்தார். 1987 நவம்பர் 10 அன்று பூசை வைத்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் யோசேப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்புப் பேராலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டுகள் வெடித்தன. திஸ்ஸ பாலசூரிய என்ற இலங்கைக் குரு 1970களிலேயே கேட்டிருந்தார்: இத்தனை நூற்றாண்டுகள் நற்கருணை கொண்டாடியும் கொண்டாடுவோரின் சமூகம் ஏன் நீதியாகவில்லை? இரண்டு நாடுகளும் இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இன்றும் எல்லாருக்கும் பந்தி திறந்திருக்கவில்லை. கலப்புத் திருமணம் செய்த வீடுகளில் மனைவி எழுந்து வரிசையில் போவார். கணவர் இருக்கையிலேயே இருப்பார். விசுவாசத்தில் ஒன்றானவர்தாம் ஒன்றாக உண்ணலாம் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. அதற்குள் ஒரு நேர்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் தென் மாவட்டத் திருவிழாக்களில் ஒரு வழக்கம் இதற்கு ஈடுசெய்கிறது. பூசை முடிந்ததும் அசனம். சாதி, மதம் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு. பீடத்தில் கை நீட்ட முடியாத இந்து அக்காவும் முஸ்லிம் அண்ணனும் அங்கே இலை முன்னால் உட்காருகிறார்கள்.

இரு கரையும் மெய்யாகவே ஒரே பந்தியில் உட்கார ஓர் இடம் உண்டு. கச்சத்தீவு. ஆண்டுக்கொரு முறை அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் வந்து சேரும். ஆள் குடியில்லாத தீவில் முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை. மறுநாள் காலை தமிழில் திருப்பலி. ஒரே குருவின் கையிலிருந்து இரு நாட்டு மீனவரும் நன்மை வாங்குவார்கள். 2024இல் இராமேஸ்வரத்தார் போகவில்லை. தங்கள் ஆட்களை இலங்கை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியதைக் கண்டித்துப் புறக்கணித்தார்கள். அந்தக் காயம் மெய்யானது. அதே கடலில் தமிழ்நாட்டு இழுவைமடிகள் வலைகளை அறுத்துக்கொண்டு போனதால் வெறுங்கையோடு திரும்பிய நெடுந்தீவு, மாதகல் குடும்பங்களின் காயமும் மெய்யானது.

கடலும் ஒரு பந்திதான். முந்தி வந்தவன் அள்ளிக்கொண்டு போக, பிந்தியவன் பசித்திருப்பதைத்தான் பவுல் கொரிந்துவில் கண்டார். அடுத்த மாசியில் அந்தோனியார் பீடத்தின் முன் அருகருகே மண்டியிடும் இரண்டு மீனவர்களும், நாவில் அப்பம் கரைவதற்குள், பக்கத்தில் இருப்பவரின் இலையில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டால் நல்லது.