பழைய பவர்ஷாட்டும் குறிஞ்சிப்பாடித் தறியும்

கேனான் பவர்ஷாட் ஏ480 2009-ல் கடைக்கு வந்தபோதே அடிமட்ட விலைக் கேமராதான். 10 மெகாபிக்சல், 3.3 மடங்கு ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி. கை நடுங்கினால் சமாளித்துக்கொள்ளும் வசதி கிடையாது. பின்பக்கத் திரையைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதே பிள்ளைகள்தான் இந்த மாதிரிக் கேமராக்களை இப்போது பழைய சாமான் கடைகளில் தேடி வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் சிசிடி வகைச் சென்சாரைச் சொல்லி, ‘சிசிடி கலரே தனி’ என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பேச்சு. அதில் பாதி கற்பனை என்பது என் கட்சி. அந்தப் படங்களின் ருசி சென்சாரில் இருந்து வந்ததைவிட, முகத்துக்கு நேராக வெடிக்கும் ஃபிளாஷில் இருந்தும், கேமரா உள்ளுக்குள் போடும் நிறக் கணக்கில் இருந்தும் வந்ததே அதிகம்.

ஏ480-ஐ கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியிலும் வடலூர்ப் பக்கமும் வைத்து ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. இதன் லென்சும் சென்சாரும் ஓரளவு நல்லவை. ஆட்டோவில் விட்டால் கேமராவே எடுக்கும் முடிவுகள்தான் மோசம். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக அதன் கையில் இருந்து பிடுங்க வேண்டும்.

குறிஞ்சிப்பாடி என்றால் கைத்தறி லுங்கி. ஒரு தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் வெளிச்சம் ஒரு ஜன்னல் வழியாகத்தான் வரும், மீதியெல்லாம் அரையிருட்டு. மலிவு கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டாம். ஆட்டோவில் அழுத்தினேன், ஃபிளாஷ் வெடித்தது. முன்னால் இருந்த பாவு நூல் வெள்ளையாக எரிந்துபோய், பின்னால் நெய்கிறவர் கரிய உருவமாக நின்றார். ஃபிளாஷை அணைத்தால் ஐஎஸ்ஓவைத் தானாக ஏற்றிக்கொள்கிறது. ஏற்றியதும் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதை மறைக்க மென்பொருள் தேய்த்துவிட, லுங்கியின் கட்டத்தில் நூல் இழையே காணோம், மெழுகு பூசிய மாதிரி இருக்கிறது.

காரணம் சென்சாரின் அளவு. 1/2.3 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உண்மையில் அது சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் அகலம். பெரிய ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. அந்தச் சின்ன இடத்தில் ஒரு கோடிப் புள்ளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற ஒளி கொஞ்சம்தான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் புதிதாக ஒளி வந்துவிடாது; வந்த கொஞ்சத்தைத்தான் பெருக்கிக் காட்டும்.

ஆகவே அமைப்புகளை நாமே மாற்ற விடும் பி மோடு, ஃபிளாஷ் அணைப்பு, ஐஎஸ்ஓ 80. ஷட்டர் நேரம் கால் நொடிக்குப் போய்விடும். கையில் பிடித்தால் ஆடும். டிரைபாட் வேண்டியதில்லை. மடித்த துண்டு ஒன்றை ஜன்னல் திட்டில் போட்டு, அதில் கேமராவை அழுத்தி உட்காரவைத்து, இரண்டு நொடி டைமரில் விட்டால் போதும். தறிச் சட்டத்தின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு அடிக்கும் சட்டம் அதிர்கிறது; குழித்தறியானால் பக்கத்துத் தரையும் சேர்ந்து அதிரும். “போன்லயே எடுக்கலாமே, எதுக்குங்க இவ்ளோ பாடு?” என்று கேட்டார் நெய்கிறவர். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஊடை நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவில் நின்றது. நாடா எறியும் அவர் கை மட்டும் கலங்கியிருந்தது. அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

நிறத்தில் ஒரு சங்கதி. லுங்கிச் சிவப்பு இந்தக் கேமராவுக்கு ஆகாது. கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் சிவப்பு மட்டும் முட்டிக்கொண்டு, இழையெல்லாம் ஒரே திட்டாகிவிடும். வெளிச்சச் சரிக்கட்டலில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் சரியாகிறது. மை கலர்ஸ் பட்டியலில் ‘விவிட்’ பக்கம் போகவே வேண்டாம். ‘நியூட்ரல்’ வைத்துக்கொண்டு பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். டியூப் லைட் எரியும் அறையில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வெள்ளை நூல் பச்சையடிக்கும்.

வடலூரில் இதற்கு நேர் எதிர். சத்திய ஞான சபைப் பெருவெளியில் வெள்ளை உடுத்திய கூட்டம். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் சராசரிச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று பயந்து குறைத்துவிடும். வேட்டியெல்லாம் சலவைக்குப் போகாத நிறத்தில் வரும். இங்கே சரிக்கட்டலை மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்ற வேண்டும். இந்தச் சபையை நிறுவிய வள்ளலாரைப் புகைப்படம் எடுக்க முயன்றபோது அவர் வெள்ளாடை மட்டும்தான் பதிந்தது, திருவுருவம் பதியவில்லை என்று சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். வடலூரில் எந்தக் கேமராவைத் தூக்கினாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரிக்கரையில் கேமரா தோற்றது. ஜூமை முழுக்க இழுத்தாலும் 122 மில்லிமீட்டருக்குச் சமம்தான். நடு ஏரியில் நிற்கும் நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. டிஜிட்டல் ஜூம் இருக்கிறதே என்பார்கள். அது நடுவில் வெட்டி ஊதிக் காட்டுகிற வேலை; மெனுவுக்குள் போய் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜூமை இழுக்க இழுக்க லென்சின் திறப்பு எஃப் 3.0-இல் இருந்து 5.8-க்குச் சுருங்குகிறது. உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. அதோடு, அந்தச் சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் ஒரு புள்ளியின் பிம்பம் நான்கைந்து பிக்சல் அகலத்துக்குக் கசிகிறது. எத்தனை மெகாபிக்சல் கூட்டினாலும் இந்தக் கசிவு போகாது. காலால் நடந்து கிட்டே போவதுதான் இதற்கு உள்ள ஒரே நல்ல ஜூம். அகலப் பக்கத்தில் வைத்து மேக்ரோவில் எடுத்த தாமரை இலையும் அதன் மேல் உட்கார்ந்த தும்பியும் ஏரியில் எடுத்த மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக வந்தன.

இனி கொஞ்சம் கிறுக்குத்தனம். கேனான் சிறு கேமராக்களுக்காக வெளியாட்கள் சேர்ந்து எழுதிய சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் ஒன்று பல வருடங்களாக இருக்கிறது, ஏ480-க்கும் உண்டு. கேமராவின் சொந்த மென்பொருளை அது அழிப்பதில்லை. மெமரி கார்டில் இருந்து தற்காலிகமாக ஏறிக்கொள்ளும். கார்டை எடுத்துவிட்டால் பழைய கேமராவே. நிறுவனம் அங்கீகரித்தது இல்லை என்பதால் பொறுப்பு நம்முடையது. தறிக்கூடத்தில் இதை வைத்து, சென்சார் தந்ததைத் தேய்க்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாகச் சேமித்தேன். ஒரு படம் எழுதி முடிக்கச் சில நொடி பிடிக்கிறது, கோப்பும் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் அந்த மெழுகுப் பூச்சு போய்விட்டது. கணினியில் ராதெரபி என்ற இலவச மென்பொருளில் திறந்து, இரைச்சலை எந்த அளவு தேய்ப்பது என்பதை நானே முடிவு செய்தேன். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் நூல் இழை நிற்கிறது. அதோடு, லென்சின் வளைவும் இதில் தெரியும். தறிச் சட்டம் பீப்பாய் போல் புடைத்து நின்றது. அதையும் கையால் சரிசெய்ய வேண்டும்.

ரா வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அசையாத பொருளை, அசையாமல் வைத்த கேமராவால் நான்கு முறை எடுத்து, கணினியில் நான்கையும் சராசரி போட்டால் இரைச்சல் பாதியாகும். பதினாறு எடுத்தால் கால்வாசி. இன்றைய போன் இருட்டில் ஒரு நொடியில் உங்களுக்குத் தெரியாமல் செய்வது ஏறத்தாழ இதுதான். நேர்மையாகச் சொன்னால், இரவுக் கடைத்தெருவில் நடமாடும் ஆட்களை எடுக்க வேண்டுமானால் சாதாரண போனே இந்தக் கேமராவை அடித்துவிடும். அசையாத பொருள், பகல் வெளிச்சம், கிட்டப் பார்வை, நிஜ ஃபிளாஷ் என்கிற நான்கில்தான் ஏ480 இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. சாதாரண அல்கலைன் பேட்டரி இதில் சீக்கிரம் மடங்கும்; சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகை பென்சில் பேட்டரி இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு 32 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபியை இது அடையாளம் காணாது. கடலூர்ப் பக்கம் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து லென்சுக்குள் பூஞ்சை கட்டும்; டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் வேண்டாம். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் கேமராவைத் தள்ளிவிட வேண்டாம். இயக்கும்போது லென்ஸ் பாதியில் நின்று முனகினால் மட்டும் பேச்சே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் கணக்கில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் இதற்குத் தரக் கூடாது. அதற்கு மேல் கேட்கிறவர் கேமராவை விற்கவில்லை, இன்ஸ்டாகிராமை விற்கிறார்.