கோல் போட்டவரை விடுங்கள், பந்தைக் கொடுத்தவரைப் பாருங்கள்

போலந்தின் கால்பந்து கிளப் கூர்னிக் ஜாப்ஷெ பற்றிப் பேச்சு வந்தால் ரசிகர்கள் மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பார்கள்: லுபான்ஸ்கியின் கோல்கள், ஸ்ட்ராஸ்பூர்க் டாஸ், 14 லீக் பட்டங்கள். மூன்றும் பெருமைக்குரியவைதான். ஆனாலும் 1960களின் கூர்னிக்கை "லுபான்ஸ்கியின் அணி" என்று யாராவது சொல்லிவிட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. என் கணக்கில் அது நடுக்கள வீரர் சிக்ஃப்ரிட் ஷோவ்திசிக்கின் அணி.

உயரம் 162 சென்டிமீட்டர். சகாக்கள் வைத்த பெயர் "சின்னவன்". அணிப் புகைப்படத்தில் மலைபோல் நிற்கும் தடுப்பாட்டக்காரர் கோர்கோனுக்குப் பக்கத்தில் பார்த்தால், யாரோ வீட்டுப் பையன் குறுக்கே வந்து நின்றுவிட்டானோ என்று தோன்றும். மிஞ்சியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் அவரைத் தேடிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேமரா பந்தின் பின்னால் ஓடும் காலம் அது. பாஸ் கொடுத்த மறுநொடி அவர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார். கோல் விழுந்ததும் எல்லோரும் லுபான்ஸ்கியைக் கட்டிப்பிடிப்பார்கள். நான் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, அதற்கு முந்தைய பாஸைப் பார்ப்பேன்.

அந்த பாஸில் என்ன இருக்கிறது? அவசரமின்மை இருக்கிறது. எதிராளி நெருங்கி வரட்டும் என்று பந்தை வைத்துக்கொண்டே நிற்பார். வேறு யாராக இருந்தாலும் பதறித் தட்டிவிடும் இடம். அவரோ எதிராளியின் எடை ஒரு காலுக்கு மாறும்வரை காத்திருந்து, மறுபக்கமாகப் பந்தை நழுவவிடுவார். அடி பலமாக இருக்காது. ஓடிவருபவர் நடை மாற்றாமல் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வேகம் வைத்திருப்பார். நாகஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காலப்பிரமாணத்தைக் கையை விட்டுப் போகாமல் பிடித்திருக்கும் தவில்காரரின் வேலை அது. கைதட்டல் நாகஸ்வரத்துக்குத்தான் விழும்.

லுபான்ஸ்கியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1963 செப்டம்பரில் நார்வேக்கு எதிராகப் போலந்து 9-0 என்று வென்ற ஆட்டத்தில் 16 வயதில் அறிமுகமாகி, அன்றே கோலும் போட்டவர். 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லீக்கின் அதிக கோல் வீரர். நாட்டுக்காக அவர் அடித்த 48 கோல்களை லெவண்டோவ்ஸ்கி தாண்டுவதற்கு 2017 வரை ஆயிற்று. மறுப்பதற்கு ஒன்றுமில்லை. எவ்வளவு பெரிய முன்கள வீரரானாலும் பந்து காலுக்கு வந்தாக வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

இன்னொரு கட்சி, கூர்னிக்கின் இன்னொரு கோல் வீரர் எர்ன்ஸ்ட் போலின் ரசிகர்களுடையது. போலந்து முதல்நிலை லீக்கில் 186 கோல்கள், ரோம் ஒலிம்பிக்கில் துனிசியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல்கள். நகரம் ஜெர்மனியின் கீழ் ஹிண்டன்பர்க் என்று இருந்தபோது, 1934-இல், ஹிட்லர் பெயரில் திறக்கப்பட்ட மைதானம் இன்று போலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கௌரவத்துக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை. ஆனால் போலின் அழகு காலின் பலத்தில் இருந்தது. பலத்தை யாரும் ஒரே பார்வையில் ரசித்துவிடலாம். திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது சின்னவனின் நிதானம். வார்சாக்காரர்கள் உடனே தங்கள் லெகியா அணியின் டெய்னாவைக் கொண்டுவருவார்கள். டெய்னா மேதைதான், ஆனால் ஆட்டம் முழுவதையும் தன்னைச் சுற்றி ஓடவைத்த மேதை. ஷோவ்திசிக் ஆட்டத்துக்குள் கரைந்து போனவர். எது உசத்தி என்பது அவரவர் ருசி.

அவர் வருவதற்கு முன்பே கூர்னிக் பெரிய அணிதான். 1948 டிசம்பரில் பிறந்த கிளப், 1957-இல் முதல் பட்டம். ஆனால் 1961-இல் டாட்டன்ஹாமை அருகிலுள்ள ஹோஷூஃப் நகரில் 4-2 என்று அடித்துவிட்டு, லண்டனுக்குப் போய் 1-8 என்று வாங்கித் திரும்பிய அணியும் அதுவே. கொதித்தால் பொங்கும், பொங்கினால் வழியும். 1962-இல் சின்னவன் வந்து சேர்ந்தார். பிறகு 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள், 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஐந்து போலந்துக் கோப்பைகள். எல்லாம் அவர் ஒருவரால் என்று சொன்னால் கோல் கீப்பர் கோஸ்த்காவே சிரிப்பார். ஆனால் அணிக்குள் ஒரு நிதானம் குடியேறியதைப் பார்க்கத் தவறினால், அது நம் கண்ணின் குறை.

1968 மார்ச்சில் ஹோஷூஃபில் பனி மூடிய தரையில், ஒரு லட்சத்துக்கும் மேலான கூட்டத்தின் முன் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்றார்கள். கோல் லுபான்ஸ்கி. முதல் ஆட்டத்தை 0-2 என்று தோற்றிருந்ததால் வெளியேறினார்கள். யுனைடெட் அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. வழியில் அது தோற்ற ஒரே ஆட்டம் இதுதான்.

1970 வசந்தத்தை எல்லோரும் டாஸாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். கோப்பை வென்றோர் கோப்பையில் ரோமாவுடன் அரையிறுதி: ரோமில் 1-1, ஹோஷூஃபில் 2-2, ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1-1. கேப்டன் ஒஷ்லிஸ்வோ டாஸில் ஜெயித்தார். வர்ணனையாளர் சிஷெவ்ஸ்கியின் குரல் இன்றும் போலந்தில் ஒலிக்கிறது. எனக்கோ இந்தக் கதையில் ஒரு சலிப்பு. ஹெலேனியோ ஹெரேரா பயிற்சி கொடுத்த, ஃபாபியோ கப்பெல்லோ ஆடிய ஓர் அணியை மூன்று ஆட்டங்களில் ஒருமுறைகூட வெல்லவிடாத ஆட்டத்திறனை, சுண்டிவிட்ட ஒரு வட்டு விழுங்கிவிட்டது. வியன்னா இறுதிப்போட்டியும் அப்படித்தான். கொட்டும் மழை, 10,000 பேர்கூட இல்லாத மைதானம், மான்செஸ்டர் சிட்டியிடம் 1-2 தோல்வி. ஐரோப்பியக் கிளப் போட்டி ஒன்றின் இறுதிக்கு அதுவரை எந்தப் போலந்து அணியும் போனதில்லை. அதை நனைந்துகொண்டே பார்த்தவர்கள் சொற்பம்.

1972 ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனுக்கு எதிராகப் போலந்து பின்தங்கியிருந்தது. டெய்னாவின் பெனால்டியில் சமநிலை. மாற்று வீரராக இறங்கியிருந்த ஷோவ்திசிக் கடைசி நிமிடங்களில் கோல் போட்டு 2-1 ஆக்கினார். அந்த வெற்றிதான் தங்கத்துக்கு வழி திறந்தது. வாழ்நாளெல்லாம் பாஸ் கொடுத்தவரை மக்கள் ஒரு கோலுக்காக நினைவில் வைத்திருப்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

அடுத்த ஆண்டு அதே ஹோஷூஃபில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் போட்ட லுபான்ஸ்கி, அதே ஆட்டத்தில் காயம்பட்டு வெளியேறினார். 1974 உலகக் கோப்பையில் போலந்து மூன்றாம் இடம் பிடித்தபோது அவர் களத்தில் இல்லை. ஜோடி கலைந்தது. 1985 முதல் 1988 வரை கூர்னிக்குக்கு மீண்டும் தொடர்ந்து நான்கு பட்டங்கள் வந்தன. யான் உர்பான் இருந்த அணி அது. திறமைசாலிகள், வேகக்காரர்கள். அவர்களை நான் மதிக்கிறேன்; மனம் ஒட்டியது பழைய அணியோடுதான்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1994-இல் வார்சாவில் லெகியாவுடன் கடைசி ஆட்டம், ஜெயித்தால் பட்டம். மூன்று சிவப்பு அட்டைகளோடு 1-1, பட்டம் லெகியாவுக்கு. 2009-இலும் 2016-இலும் கூர்னிக் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. அந்த 2016-இன் முடிவில்தான் நகரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மகோஷோவியும் மூடப்பட்டது. கிளப்பைப் பெற்று வளர்த்தது சுரங்கத் தொழில். வீரர்களுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கொடுத்ததும் அதுதான். உலகக் கோப்பை வென்ற பொடோல்ஸ்கி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றி 2021-இல் வந்து சேர்ந்தது நல்ல காரியம். ஒரு மனிதரின் விசுவாசம் ஓர் அணியின் பழக்கமாகிவிடாது.

பழக்கம்தான் என் குறை. கூர்னிக்கில் ஆடிய மிலிக் 18 வயதில் ஜெர்மனிக்குப் போனார். அதற்குப் பின் வந்த பையன்களும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். அன்று வீரர்களை வெளிநாடு போகவிடாமல் அடைத்து வைத்தது அரசு. அந்தக் கூண்டைத் திரும்பக் கேட்பவன் அல்ல நான். ஆனால் சின்னவனும் லுபான்ஸ்கியும் ஒருவர் ஓட்டத்தை ஒருவர் பார்க்காமலே அறிந்தது, பத்து ஆண்டுகள் ஒரே புல்லில் ஓடியதால். இரண்டு சீசனில் விற்றுவிடும் அணியில் நல்ல வீரர் கிடைப்பார், அப்படி ஒரு ஜோடி கிடைக்காது. இன்றைய கூர்னிக்கை விமர்சிப்பவர்கள் பட்டங்களை எண்ணுகிறார்கள். நான் கேட்பது அதைவிடக் குறைவு: நடுக்களத்தில் இருவரை ஐந்து ஆண்டுகள் விற்காமல் வைத்திருங்கள், பட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பார்ப்பதற்கு ஆட்டம் இருக்கும்.