பீக்கரில் தேறினால் போதுமா?

மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் சென்சார்களுக்கு வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 1970-இல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் அயனிகளை உணரும் டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தியதே நரம்பியல் அளவீடுகளுக்காகத்தான். 1973-இல் கேன்சஸில் ரால்ஃப் ஆடம்ஸின் குழு எலியின் மூளையில் கார்பன் மின்முனையைச் செருகி அளந்தது. இன்று ஒரே சிப்பில் பல மின்முனைகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சோதிக்கும் முறை பெரும்பாலும் பீக்கரையே, அதாவது உடலுக்கு வெளியே ஆய்வகக் கரைசலையே நம்பியிருக்கிறது.

மூளையின் வேதிப்பொருள்களில் ஒன்றான டோபமினுக்கான சோதனையைப் பார்ப்போம். 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கார்பன் இழையை, பஃபர் கரைசல் ஓடிக்கொண்டிருக்கும் கலத்தில் நிறுத்துகிறார்கள். மின்னழுத்தம் −0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வரை ஏறி இறங்க 8.5 மில்லிவிநாடிதான், விநாடிக்கு 10 முறை இது நடக்கும். வால்வைத் திருப்பியதும் செறிவு தெரிந்த டோபமின் பாய்கிறது, 0.6 வோல்ட்டை ஒட்டி மின்னோட்டம் உச்சமாக எழுகிறது. பின்னணி மின்னோட்டத்தைக் கழித்தால், ஒரு மைக்ரோமோலாருக்கு இத்தனை நானோஆம்பியர் என்ற கணக்கு கிடைக்கிறது.

இம்முறையின் பலம் கண்கூடு. விலங்கின் மூளையைத் தொடுமுன்பே பழுதான மின்முனை கழிந்துவிடும். இரண்டு வடிவமைப்புகளில் எது மேல் என்பதையும் ஒரே அளவுகோலில் சொல்லலாம்.

சிக்கல், அந்தக் கணக்கை அப்படியே மூளைக்குள் கொண்டுபோகும்போது எழுகிறது. அங்கே டோபமின் நானோமோலார் அளவில் ஏறி இறங்க, அஸ்கார்பிக் அமிலமோ நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் இருந்து அளவீட்டில் குறுக்கிடுகிறது. புரதங்கள் மின்முனையில் படிந்து உணர்திறனைக் குறைக்கின்றன. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையின் அழுத்தம் நகர்ந்தால், டோபமினின் உச்சமும் இடம் மாறும். உச்சத்தைப் பார்த்துத்தான் பொருளை அடையாளம் காண்கிறோம் என்பதால் இது சின்னப் பிழை அல்ல.

செருகி எடுத்த பின் மறுபடி சோதிப்பது இதற்கு ஓரளவு மாற்று. படிவின் பாதிப்பு அதில் தெரியும். ஆனால் அது கடைசி நிலையை மட்டுமே காட்டும்; இடையில் உணர்திறன் எப்போது, எவ்வளவு சரிந்தது என்று சொல்லாது. மாதக்கணக்கில் உள்ளே இருந்த மெல்லிய இழையைச் சேதமின்றி எடுப்பதும் எளிதல்ல.

ஆகவே பீக்கர் சோதனை நல்ல சல்லடை. மூளைக்குள் இருக்கும் செறிவை அது அறுதியிட்டுச் சொல்லாது. ஒரே மின்முனையில் அடுத்தடுத்து நிகழும் ஏற்ற இறக்கத்தை ஒப்பிடலாம். செறிவை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்வதே நேர்மை. எந்தக் கரைசல், எந்த வெப்பநிலை, செருகுவதற்கு முன்பா பின்பா என்ற விவரம் இல்லாத எண்ணை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.